சாகாமல் நிற்கும் கோழி

அந்தக் கோழிப் பண்ணைக்காரர் முதன்முறை வந்தபோது கொண்டுவந்தது ஆறு குஞ்சுகள். தீவனச் சாக்கைக் கிழித்துத் தைத்த ஒரு பையில் போட்டு, மொபெட்டின் முன்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார். பல்லடத்துக்கும் சூலூருக்கும் நடுவில் இருந்த ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கால்நடை நுண்ணுயிரியலில் மேற்படிப்பு முடித்த கையோடு கிடைத்த வேலை. ஐந்து நாள் குஞ்சுகள். அறுத்துப் பார்த்தால் மஞ்சள் கரு கரையாமல் வயிற்றுக்குள் அப்படியே கிடந்தது. தொப்புள் சிவந்து ஈரமாக இருந்தது. இரண்டு குஞ்சுகளில் ஈரலின் மேல் பாலாடை போல வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. இதய ரத்தத்தில் ஒரு துளி எடுத்து, கிருமி வளர்க்கும் கூழான மெக்கான்கி அகாரில் கீறினேன். மறுநாள் காலை தட்டு நிறைய ரோஜா நிறப் புள்ளிகள். ஈ.எம்.பி. அகாரில் பொன்வண்டின் முதுகு போலப் பச்சை மினுமினுப்பு. ஈ. கோலை என்ற பாக்டீரியா. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று மருந்து தோய்த்த வட்டுகள் வைத்துப் பார்த்து, ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார். நான்கைந்து நாளில் சாவு குறைந்தது. போனில் அழைத்து நன்றி சொன்னார். அந்த ரிப்போர்ட்டின் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது என்னை உறுத்துவதற்கு அதுவே காரணம். பிழையான ரிப்போர்ட் என்றால் திருத்திவிட்டு மறந்திருப்பேன்.

அதே கொட்டகையிலிருந்து, அதே கோழிகளின் 24ஆம் நாளில், மறுபடியும் பை வந்தது. கூளம் ஈரமாகிவிட்டது என்றார். எச்சத்தில் தீவனம் செரிக்காமல் வருகிறது, காலையில் தீவனத் தட்டருகே நின்றது மாலையில் கால் நீட்டிக் கிடக்கிறது என்றார். சிறுகுடல் காற்றடைத்த குழாய் போல ஊதியிருந்தது. நீளவாக்கில் கிழித்து விரித்தேன். வழவழப்பாக இருக்க வேண்டிய உட்சுவர் தேங்காய்ப்பூ துவாலை போலச் சொரசொரவென்று, பழுப்புப் படலம் மூடிக் கிடந்தது. குடல் அழுகல் நோய். பிராணவாயு இல்லாத ஜாடியில் வைத்த ரத்த அகாரில் இரட்டை வளையம் போட்டுக்கொண்டு வளர்ந்தது குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா. மறுபடியும் ஒரு பெயர், மறுபடியும் ஒரு மருந்து.

அவர் ஒப்பந்தப் பண்ணைக்காரர். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. கொட்டகை, மின்சாரம், இரவுக் கண்விழிப்பு எல்லாம் அவருடையவை. வளர்ப்புக்கூலி பிடித்துக் கொடுக்கும் எடைக்குத்தான் வரும். அப்படியிருந்தும் அவர் கோபப்படவில்லை. நான் கை கழுவி முடிக்கும்வரை மேஜையருகே நின்றிருந்தார். பிறகு கேட்டார்: “அம்மணி, நீங்கள் ஒவ்வொரு தடவையும் செத்ததைத்தான் அறுத்துப் பார்க்கிறீர்கள். அதே கொட்டகையில், அதே தீவனத்தைத் தின்று, அதே தண்ணீரைக் குடித்து, சாகாமல் நிற்கிறதே, அதை ஒரு நாளாவது பார்த்திருக்கிறீர்களா?”

“இல்லை அண்ணா” என்றேன்.

“நாளைக்கு இரண்டு கொண்டுவருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொண்டும் வந்தார். கம்பிக் கூடையில் இரண்டு சேவல்கள், கொழுத்து, கண் தெளிந்து, கூடைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டு. கம்பெனிக் கணக்கில் அந்த இரண்டையும் சாவு என்றுதான் அவர் எழுத வேண்டியிருக்கும். குடல் சுத்தமாக இருந்தது. சுவர் இளஞ்சிவப்பு, உள்ளே பதமான கூழ். நேற்று செத்த கோழியில் எந்த இடத்தில் மாதிரி எடுத்தேனோ அதே இடத்தில் எடுத்து, அதே தட்டுகளில் கீறி, அதே ஜாடியில் வைத்தேன். மறுநாள் திறந்தபோது அதே இரட்டை வளையம். ஈ.எம்.பி.யில் அதே பொன்வண்டு. எண்ணிக்கையில் வேறுபாடு இருந்தது, உண்மைதான். ஆனால் ‘இருக்கிறதா, இல்லையா’ என்ற கேள்விக்கு இரண்டு கோழிகளும் ஒரே பதிலைச் சொல்லின. மேலே ஒட்டிய சீட்டுகளைப் பிய்த்துவிட்டால் எது செத்தது, எது பிழைத்தது என்று என்னால் சொல்லியிருக்க முடியாது.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஈ. கோலை எல்லாக் கோழியின் குடலிலும் உண்டு, பெர்ஃபிரிஞ்சன்ஸ் ஆரோக்கியமான பறவையிலும் உண்டு என்று நானே தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இதில் நச்சுதான் வேறுபாடு என்றும் படித்தேன். பல ஆண்டுகளாக ஆல்ஃபா நச்சின்மேல் பழி இருந்தது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நெட்-பி என்ற வேறொரு நச்சைக் கண்டுபிடித்தார்கள். விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. பிறகு அந்த நச்சுக்குரிய மரபணுவைச் சுமக்கும் ரகங்களும் நோயற்ற கோழிகளில் கிடைத்தன. கத்தி வைத்திருப்பவன் எல்லா வீட்டிலும் இருக்கிறான். ஒரு வீட்டில் மட்டும் குத்துகிறான். அவன் கையைப் பிடித்து வைத்திருந்தது யார் என்று என் ரிப்போர்ட் படிவத்தில் எழுத ஒரு கட்டம் இல்லை.

தட்டு மறைப்பது

நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு முதலில் கைவருவது வடிகட்டும் கலை. ஒரு கிராம் குடற்கூழில் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கும்போது நமக்கு வேண்டிய ஒன்றைப் பிடிக்க வேண்டுமானால் மற்றதையெல்லாம் கொல்ல வேண்டும். மெக்கான்கி அகாரில் பித்த உப்பு சேர்ப்பது அதற்குத்தான். சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவைத் தேடும்போது எக்ஸ்.எல்.டி. அகாரில் சிவப்புப் புள்ளிக்கு நடுவே கறுப்புப் பொட்டு தெரிகிறதா என்று மட்டும் பார்ப்போம். கேம்பைலோபாக்டர் என்ற இன்னொன்றுக்குப் பிராணவாயுவைக் குறைத்து, கோழியின் உடல் சூட்டை ஒட்டி 42 டிகிரியில் வைப்போம். ஒவ்வொரு ஊடகமும் ஒரு சல்லடை. அந்தச் சல்லடையில் தங்கியதைப் பார்த்துவிட்டு இதுதான் குடலில் இருந்தது என்று எழுதுகிறோம்.

கோழிக்குக் குருட்டுக்குடல் இரண்டு. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இரண்டு பைகள் போலப் பிரியும். ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி நுண்ணுயிரிகள் வரை அங்கே நெருக்கியடித்து வாழ்கின்றன. பெரும்பாலானவை காற்றுப் பட்டால் சாகிறவை. நான் கத்தரிக்கோலால் பையைத் திறக்கும் அந்த நொடியிலேயே சாகத் தொடங்கிவிடுகின்றன. எங்கள் கூடத்தில் இருந்த எந்த அகாரிலும் அவை வளர்ந்ததில்லை. கோழியின் தீவனத்தில் மிச்சமான நாரை நொதிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக்கி, குடற்சுவரின் செல்களுக்கே உணவாகக் கொடுப்பவை அவை. எட்டு மாதம் தினமும் அந்தக் கூட்டத்தைக் குப்பைக் கூடையில் கொட்டிவிட்டு, தப்பிப் பிழைத்த ஒரு சிறுபான்மையின் பெயரை ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டிருந்தேன் என்பது அந்தச் சேவல்களுக்குப் பிறகுதான் எனக்குள் இறங்கியது.

பின்லாந்துக் குஞ்சுகளும் அம்மிச்சியின் கூடையும்

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பழைய பாடக் குறிப்புகளைத் தேடி எடுத்தேன். நுர்மியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த பக்கம். இப்போது கதை போலப் படித்தேன்.

1971இல் பின்லாந்தின் கறிக்கோழிகளில் சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் பரவலாகப் புகுந்தது. எஸ்கோ நுர்மி அங்கே கால்நடை ஆய்வாளர். பொரித்து ஓரிரு நாள் ஆன குஞ்சுக்கு மிகச் சில கிருமிகளே போதும், தொற்றிக்கொள்ளும். அதே கிருமி வளர்ந்த கோழியிடம் எளிதில் காலூன்ற முடிவதில்லை. வயதானால் எதிர்ப்புச் சக்தி வரும் என்று சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கலாம். நுர்மி கடந்து போகவில்லை. குஞ்சின் குடல் காலியாக இருக்கிறது, வளர்ந்ததின் குடலில் ஆள் நிறைந்திருக்கிறது, வேறுபாடு அதுதானோ என்று யோசித்தார். ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடற்பொருளை எடுத்து, கரைத்து, ஒரு நாள் குஞ்சுகளின் வாய்வழியே கொடுத்தார். பிறகு சால்மோனெல்லாவைக் கொடுத்தார். குடற்பொருள் உண்ட குஞ்சுகளில் பெரும்பாலானவற்றில் சால்மோனெல்லா தங்கவில்லை. ரன்டாலா என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து 1973இல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார். இன்றும் அந்த முறைக்கு நுர்மியின் பெயர்தான்.

படித்துக்கொண்டிருக்கும்போதே என் அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் வாசல் ஞாபகம் வந்தது. பரமத்திப் பக்கம் வீடு. கோழி அடைக்கு உட்கார்ந்தால் கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி முட்டைகளை அடுக்கி, ஒரு கரித்துண்டும் ஒரு பழைய இரும்புத் துண்டும் ஓரத்தில் வைப்பாள். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்பாள். 21ஆம் நாள் குஞ்சுகள் பொரிந்ததும் தாயோடு சேர்த்துக் கூடைக்குள் கவிழ்த்து வைத்து, ஓரிரு நாள் கழித்துத்தான் குப்பைமேட்டுக்கு விடுவாள். அந்தக் கூடைக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது. கோழி இரண்டு விதமாக எச்சமிடும். வெள்ளைத் தொப்பி போட்டது வழக்கமான எச்சம். நாளுக்கு ஓரிரு முறை குருட்டுக்குடல் தன்னைக் காலி செய்யும்போது கரும்புப் பாகு நிறத்தில், பளபளப்பாக, பிசுபிசுவென்று வேறொன்று வரும். நாற்றம் தாங்காது. குஞ்சு கண் திறந்து முதன்முதலில் கொத்திப் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று. நுர்மி குழாய் வைத்துக் கொடுத்ததைத் தாய்க்கோழி கூடைக்குள் தரையிலேயே வைத்துவிட்டிருந்தது.

பொரிப்பகத்துக் குஞ்சுக்குத் தாய் என்று யாரும் இல்லை. முட்டை 18 நாள் ஒரு எந்திரத்தில், 3 நாள் இன்னொன்றில். முட்டை ஓட்டை ஃபார்மலின் புகை போட்டுச் சுத்தம் செய்கிறோம். பொரிந்ததும் பெட்டிக்கு 100 என்று எண்ணி அடைத்து வேனில் ஏற்றுகிறோம். அதன் காலிக் குடலுக்கு முதலில் வந்து சேர்வது வேனில், பெட்டியில், ஆள் கையில், நார்த்தூளில் இருப்பது எதுவோ அது. வழக்கமாக முதலில் குடியேறுபவர்களில் ஈ. கோலையும் அதன் சொந்தக்காரர்களும் உண்டு. செக் நாட்டில் பிர்னோ நகரத்து ஆய்வாளர்கள் 2019இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பொரிந்த குஞ்சுகளை வளர்ந்த கோழியோடு 24 மணி நேரம் விட்டுவைத்ததே அவற்றின் குருட்டுக்குடல் கூட்டத்தை மாற்றப் போதுமானதாக இருந்தது. ஒரே ஒரு நாள். நாம் எந்திரமாக்கியதில் விடுபட்டுப்போனது அந்த ஒரு நாள்தான்.

மற்ற உயிர்களிலும் இதைப் பார்க்கலாம். யானைக் கன்று பெரிய யானைகளின் சாணத்தைத் தின்னும். குதிரைக் குட்டி தாயின் லத்தியைத் தின்னும். அசைபோடாமல் நின்றுவிட்ட மாட்டுக்கு நல்ல மாட்டின் அசைப்பைத் திரவத்தை எடுத்துப் புகட்டுவது எங்கள் துறையில் நெடுங்காலப் பழக்கம். மாட்டுக்குத் தயங்காமல் செய்ததைக் கோழியில் நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போக மாட்டேன். தாயைப் பிரித்தது வெறும் பேராசையால் நடந்ததாக நான் நினைக்கவில்லை. தாயிடமிருந்தும் எச்சத்திலிருந்தும் புழுவும் ரத்தக்கழிச்சலும் சால்மோனெல்லாவும்கூடக் குஞ்சுக்கு வரும். அம்மிச்சியின் கோழிகள் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டோடு போகும். அது வைரஸ். குடலில் எந்தக் கூட்டம் இருந்தாலும் தடுப்பூசி இல்லாமல் அதை நிறுத்த முடியாது. யாரும் நாட்டுக்கோழி எச்சத்தைக் கரைத்துப் பண்ணைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். நுர்மியின் வழியில் வந்த தயாரிப்புகள்கூட, நோயற்றது என்று சோதித்த கோழிகளிலிருந்து எடுத்து, மறுபடி மறுபடி பரிசோதித்துத்தான் வருகின்றன. பெரிய பண்ணையில் ஒரு தாயை வைத்து வளர்க்க வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எடுத்துவிட்ட ஒன்றின் இடத்தில் என்ன வைத்தோம் என்று கேட்க நமக்குக் கடமை இருக்கிறது. நாம் வைத்தது மருந்து.

1940களின் இறுதியில் அமெரிக்காவில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் கோழித் தீவனத்துக்கு வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தயாரித்து மிஞ்சிய கழிவைக் கொடுத்தபோது குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. அங்கிருந்து தொடங்கியது வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம். சுவீடன் 1986இல் அதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இல் நின்றது. மனிதர்களுக்குக் கடைசிப் புகலிட மருந்தான கொலிஸ்டினை முறியடிக்கும் மரபணு ஒன்று பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவுகிறது என்று 2015இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிலும் அது இருந்தது. இந்தியாவில் உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டினுக்குத் தடை வந்தது 2019 ஜூலையில். அதற்கு முன்பு நானே எத்தனை ரிப்போர்ட்டில் அந்த வட்டைச் சுற்றி விழுந்த தெளிந்த வளையத்தை அளந்து ‘அடங்கும்’ என்று எழுதினேன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணிக்கையை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பழுப்புப் புட்டி

இதில் என்னை முழுதாகத் திருப்பிப்போட்டது இன்னொரு கட்டுரை. எங்கள் கூடத்தில் சால்மோனெல்லாவைப் பெருக்கி எடுக்க டெட்ராதயோனேட் குழம்பு வைத்திருப்போம். பயன்படுத்தும் அன்றுதான் அயோடின் சேர்க்க வேண்டும். பழுப்பு நிறமாகும், விரலில் பட்டால் கறை போகாது. 1923இல் முல்லர் கண்டுபிடித்த முறை. அந்தக் குழம்பில் மற்ற பாக்டீரியா திணறும், சால்மோனெல்லா செழிக்கும். ஏன் இந்த விசித்திரமான வேதிப்பொருள் என்று நான் கேட்டதில்லை. ஆய்வுக்கூடத்துக்காக யாரோ கலந்து பார்த்த கலவை என்று இருந்துவிட்டேன்.

2010இல் செபாஸ்டியன் வின்டரும் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு அந்தப் புட்டியைக் குடலுக்குள் காட்டியது. எலிகளில் செய்த சோதனை. சால்மோனெல்லா குடற்சுவரைச் சீண்டுகிறது. சுவர் வீங்கி, வெள்ளணுக்கள் திரண்டு வந்து, பிராணவாயுத் துணுக்குகளைப் பாய்ச்சிக் கிருமியைக் கொல்லப் பார்க்கின்றன. குடலில் இயல்பாக இருக்கும் தயோசல்பேட் அந்தத் துணுக்குகள் பட்டு டெட்ராதயோனேட் ஆகிறது. காற்றில்லாத அந்த இடத்தில் மற்றவை நொதித்தலை நம்பிக் காலம் தள்ள, சால்மோனெல்லா மட்டும் டெட்ராதயோனேட்டை வைத்துச் சுவாசிக்கிறது. அதாவது, உடம்பு தன்னை எரிக்க மூட்டிய தீயில் அது தன் சமையலை முடித்துக்கொள்கிறது. முல்லரின் குழம்பை நோயுற்ற குடல் தானே காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது, 87 ஆண்டுகளாக யாரும் பார்க்காமல்.

அதைப் படித்த மறுநாள் புட்டியைக் கையில் எடுத்தபோது வேறு பொருளாக இருந்தது. சல்லடை என்று நான் நினைத்திருந்தது உண்மையில் பாழாய்ப்போன ஒரு குடலின் மாதிரி. நோய்க்கிருமி வளர்வதற்கு எந்தச் சூழலைச் செயற்கையாக உண்டாக்குகிறேனோ, அதே சூழல் கொட்டகைக்குள் உண்டானால் அதே கிருமி வளரும். பெர்ஃபிரிஞ்சன்ஸும் அப்படித்தான். ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணி குடற்சுவரைப் புண்ணாக்கினாலோ, தீவனத்தில் மீன்தூள் போன்ற புரதம் அதிகமாகி செரிக்காமல் கீழே இறங்கினாலோ அதற்குக் கதவு திறக்கும். கிருமியின் பெயரைச் சொல்வதோடு கதவைத் திறந்தது எது என்று சொன்னால்தான் என் வேலை முடியும். அந்த அண்ணனின் கோழிகளுக்கு முதல் வாரத்தில் நான் எழுதிய மருந்து நான்காம் வாரக் கதவைத் திறந்ததா? நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. இல்லை என்று மறுக்கவும் எதுவும் இல்லை.

‘நோய்க்கிருமி’ என்ற சொல்லையே இப்போதெல்லாம் தயங்கித்தான் எழுதுகிறேன். கேம்பைலோபாக்டர் கோழியின் குருட்டுக்குடலில் கிராமுக்குக் கோடிக்கணக்கில் இருக்கும். பெரும்பாலும் கோழிக்குத் தலைவலிகூடத் தராது. அதுவே சரியாக வேகாத கறி வழியாக நம் குடலுக்கு வந்தால் ரத்தபேதி. சிலருக்கு அதற்குப் பின் கை கால் செயலிழக்கும் கிலான்-பாரே என்ற நரம்பு நோய். இடம்தான் மாறியிருக்கிறது.

வேலை மாறிவிட்டேன். இப்போதைய கூடத்தில் படிவம் என் விருப்பப்படி அச்சாகிறது. செத்த கோழிக்கு ஒரு பக்கம், அதே கொட்டகையில் நிற்கும் கோழிக்கு ஒரு பக்கம். கூளத்தின் ஈரம், தண்ணீர்க் குழாய் கடைசியாகக் கழுவிய நாள், முதல் வாரத்தில் கொடுத்த மருந்து எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. உயிரோடு ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்றால் பலர் தயங்குகிறார்கள். நியாயம்தான், அது அவர்கள் கூலி. அதனால் அறுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் அவர் வந்தார். அதே மொபெட். மூத்த மகன் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறானாம். பையில் இரண்டு செத்தவை, கூடையில் ஒன்று உயிரோடு. “இதைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் அம்மணி” என்றார். கூடைக்கடியில் சுத்தமான தாளை விரித்தோம். காலை பத்தரை மணி. வெள்ளைத் தொப்பி எச்சம் நான்கைந்து விழுந்தது, அவற்றை ஒதுக்கினேன். டீ வந்தது. அவர் மகளின் கல்யாணச் செலவைப் பற்றியும் தவிட்டு விலையைப் பற்றியும் பேசினோம். மத்தியானம் சாப்பிட்டு வந்தார். கோழி கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றது. மூன்று மணி வாக்கில் தாளில் சொத்தென்று ஒரு சத்தம். கரும்புப் பாகு நிறம், பளபளப்பு, அந்த நாற்றம். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.